போருக்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகள்: பாளையங்கோட்டையில் ஓர் உலக சினிமாத் தொடர்

பாளையங்கோட்டை தெற்கு பஜாரை ஒட்டிய ஒரு மாடிக் கூடத்தில், கல்லூரி ஆசிரியர்கள் சிலரும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் சிலரும் சேர்ந்து நடத்தும் சிறிய திரையிடல் குழு ஒன்று, 1945 முதல் 1960 வரையிலான உலக சினிமா வரலாற்றை வார இறுதித் தொடராக நடத்தி முடித்திருக்கிறது. ஒவ்வோர் அமர்விலும் அரை மணி நேர அறிமுக உரை, அதன்பின் இடைவேளை இல்லாமல் முழுப்படம், பிறகு கலந்துரையாடல், வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தமிழில் அச்சிட்ட குறிப்பேடு ஆகியவை உண்டு. தொடர் முழுவதற்கும் வாங்கும் கட்டணம், ஒரு குடும்பம் ஒருமுறை மல்டிபிளெக்ஸுக்குப் போய்வரும் செலவைத் தாண்டாது. மாணவர்களுக்கு அதிலும் பாதிதான். அடுத்த சுற்றுக்கு இப்போது பெயர் பதிவு நடக்கிறது. சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தயங்காமல் சேரலாம் என்பதே. ஆயினும் எதற்காகச் சேரவேண்டும், எந்த இடங்களில் இந்தத் தொடர் தானே வகுத்துக்கொண்ட அளவுகோலுக்கு எட்டாமல் போகிறது என்பதை விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

உலக சினிமா என்றதும் நம்மிடையே வழக்கமாக நடப்பது பெயர் அடுக்குதல்தான். குரோசவா, ரே, பெர்க்மன் என்று மேதைகளின் வரிசை ஒன்று ஒப்பிக்கப்படும். அந்த மேதைகள் ஏன் ஏறத்தாழ ஒரே பதினைந்து ஆண்டுகளுக்குள் வெவ்வேறு நாடுகளிலிருந்து எழுந்து வந்தார்கள் என்ற கேள்வி எழாது. இந்தத் தொடரை அமைத்தவர்கள் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் மூன்று செய்திகளைத் தவறாமல் சொல்கிறார்கள்: படத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அந்த நாட்டின் சட்டமும் தணிக்கையும் எதை அனுமதித்தன, எடுத்தவர்களின் கையில் என்ன கருவியும் என்ன பிலிமும் இருந்தன. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு பார்க்கும்போது, அதுவரை இயக்குநரின் விருப்பமாகத் தோன்றிய பலவும் நெருக்கடிக்கு நடுவே எடுக்கப்பட்ட முடிவுகளாகத் தெரியத் தொடங்குகின்றன. அதனால் படைப்பாளியின் பெருமை குறைவதில்லை, கூடுகிறது. தொடரின் உயிர் இந்த அமைப்பில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

முதல் பகுதி இத்தாலி. ரோபெர்த்தோ ரோசெல்லினியின் ‘ரோம், ஓப்பன் சிட்டி’யுடன் தொடர் தொடங்கியது. 1944 ஜூனில் ரோம் நகரம் ஜெர்மானியப் பிடியிலிருந்து விடுபட்டது. 1945 ஜனவரியில், வட இத்தாலியில் இன்னும் போர் நடந்துகொண்டிருந்தபோதே, படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. சினேசித்தா படப்பிடிப்புத் தளம் அகதிகள் முகாமாகியிருந்தது. பிலிம் சுருள் கிடைப்பது அரிதாக இருந்ததால் வெவ்வேறு வகைச் சுருள்களைக் கொண்டு சமாளித்தார்கள்; ஒலியைப் படப்பிடிப்பின்போது பதிவுசெய்யாமல் பின்னர் சேர்த்தார்கள். தெருவில் சுட்டுக்கொல்லப்படும் பீனா என்ற பெண்ணும், மரண தண்டனைக்கு ஆளாகும் பாதிரியார் தோன் பியெத்ரோவும் 1944-இல் ரோமில் உண்மையாகவே கொல்லப்பட்ட மனிதர்களின் வாழ்விலிருந்து உருவான பாத்திரங்கள். படம் வெளிவந்தபோது அதைப் பார்த்த ரோம் மக்களுக்கு அந்தத் தெருக்களும் அந்தச் சாவுகளும் வரலாறு ஆகியிருக்கவில்லை, சென்ற ஆண்டின் நிகழ்வுகளாகவே இருந்தன. அறிமுக உரையாற்றிய பேராசிரியர் இதை எந்த அலங்காரமும் இன்றி, தேதி வரிசையில், அமைதியாகச் சொன்னார். அன்னா மன்யானி லாரியின் பின்னால் கதறிக்கொண்டு ஓடும் காட்சி வந்தபோது கூடத்தில் நாற்காலி அசையும் ஓசைகூட இல்லை.

அடுத்து வித்தோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948). இப்படத்தைப் பற்றி நம் சிற்றிதழ்களில் எழுதப்பட்டவை ஏராளம் என்பதால் விரிவாகச் சொல்லப்போவதில்லை. நாயகனாக நடித்த லாம்பெர்த்தோ மஜொரானி உண்மையிலேயே ஓர் ஆலைத் தொழிலாளி என்பதும், ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், கேரி கிராண்ட் நடிப்பதானால் பணம் தருவதாகச் சொன்னபோது டி சிகா அதை ஏற்கவில்லை என்பதும் அடுத்தடுத்துச் சொல்லப்பட்டன. அந்த மறுப்பு படத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும் எப்படித் தங்கியிருக்கிறது என்பதைக் காட்ட, மஜொரானியின் நடையை மட்டும் தனியாக இரண்டு காட்சிகளில் மீண்டும் ஓட்டிக் காட்டினார்கள். விளக்கிச் சொல்வதைவிட இது மேலான முறை. தொடர் முழுவதும் இதையே கடைப்பிடித்திருக்கலாம்.

இத்தாலியப் பகுதியின் உச்சம் லுக்கினோ விஸ்கோந்தியின் ‘லா டெர்ரா ட்ரெமா’ (1948). சிசிலித் தீவில் ஆச்சி த்ரெட்சா என்ற மீனவ ஊரில், அந்த ஊர் மக்களையே நடிக்கவைத்து, அவர்களுடைய சொந்தப் பேச்சிலேயே எடுக்கப்பட்ட படம் இது. வலாஸ்த்ரோ குடும்பத்தின் மூத்த மகன், மீனுக்கு விலை வைக்கும் மொத்த வியாபாரிகளை எதிர்த்து, வீட்டை அடமானம் வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான். புயலில் படகு சிதைந்து, வீடும் போய், கடைசியில் அதே வியாபாரிகளிடம் கூலிக்குத் திரும்புகிறான். இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி தந்த தொகையில்தான் வேலை தொடங்கியது. ஜொவான்னி வெர்காவின் 1881-ஆம் ஆண்டு நாவல் கதைக்கு அடிப்படை. அந்த மீனவர்களின் பேச்சு இத்தாலியின் மற்றப் பகுதி மக்களுக்கே விளங்காது என்பதால், பொது இத்தாலிய மொழியில் விவரிப்புக் குரல் ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் இந்தப் படத்தை வைத்ததில் நடத்துபவர்களின் துணிவு தெரிகிறது. அதைவிட, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கத்திலிருந்து சிலரைத் தனியாக அழைத்து அந்த அமர்வுக்கு வரவைத்தது மிகச் சரியான முடிவு. கலந்துரையாடலில் உவரியிலிருந்து வந்த ஒரு பெரியவர் எழுந்து, “எங்க ஊர்லயும் ஏலக்காரன் சொல்லுததுதான் வெல, அண்ணாச்சி. இவன் வீட்ட வச்சுப் படகு எறக்கும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சு” என்றார். அதன்பின் பேச்சு கேமராக் கோணங்களைப் பற்றி நடக்கவில்லை; முன்பணம் வாங்கிய மீனவன் மீனை வேறு யாருக்கும் விற்க முடியாமல் போவது எப்படி, படம் அதை எந்தக் காட்சியில் சரியாகச் சொல்கிறது, எந்த இடத்தில் தவறவிடுகிறது என்று நடந்தது. விடியலில் பெண்கள் கறுப்புப் போர்வை போர்த்திப் பாறைகளின் மேல் நின்று கடலைப் பார்க்கும் காட்சியை அழகுக்காக எடுத்தது என்று ஒரு மாணவர் குறை சொன்னபோது, அதே பெரியவர், புயல் நாளில் கரையில் அப்படித்தான் நிற்பார்கள் என்று மறுத்தார். ஒரு படத்தின் உண்மையைச் சோதிக்க இதைவிடத் தகுந்த அவை வேறெங்கும் கிடைக்காது. திருநெல்வேலிச் சீமையில் உலக சினிமா காட்டுவதற்கு என்ன பொருள் என்று யாரேனும் கேட்டால், இந்த அமர்வையே விடையாகச் சொல்வேன்.

இத்தாலியப் புதிய யதார்த்தவாதம் (எளிய மக்களின் வாழ்வை, தெருக்களிலேயே, பெரும்பாலும் நடிகரல்லாதவர்களைக் கொண்டு சொன்ன இத்தகைய படங்களின் இயக்கம்) எப்படி ஓய்ந்தது என்பதையும் விடாமல் சொன்னார்கள். அரசியல்வாதி ஜூலியோ ஆந்த்ரியோத்தி, இத்தாலிய அரசின் துணைச் செயலராக இருந்தபோது 1949-இல் கொண்டுவந்த சட்டம் உள்நாட்டுப் படங்களுக்குக் கடனும் பாதுகாப்பும் தந்தது. கூடவே, திரைக்கதையை அரசு முன்கூட்டியே பார்த்து ஒப்பும் ஏற்பாட்டையும் தந்தது. 1952-இல் டி சிகாவின் ‘உம்பர்த்தோ டி’ வந்தபோது, நாட்டின் அவலத்தை உலகுக்குக் காட்டுவது நற்பணி ஆகாது என்ற பொருளில் ஆந்த்ரியோத்தி வெளிப்படையாகவே எழுதினார். ஓய்வூதியம் போதாமல் வாடகை கட்ட முடியாத ஒரு முதியவரைப் பற்றிய அந்தப் படத்தில் நடித்தவர் கார்லோ பத்திஸ்தி என்ற மொழியியல் பேராசிரியர். தடை போடாமலேயே, பணத்தை எங்கே திறந்துவிடுவது, எங்கே அடைப்பது என்பதன் மூலம் ஒரு கலை இயக்கத்தை வலுவிழக்கச் செய்யலாம் என்பதை இந்த அமர்வு தெளிவாக விளக்கியது.

இரண்டாம் பகுதி ஜப்பான். தோல்விக்குப் பின் அமெரிக்கப் படைகளின் ஆக்கிரமிப்பில் இருந்த நாட்டில், 1945 இறுதியிலேயே படங்களில் இடம்பெறக்கூடாத பொருள்களின் பட்டியல் வெளியிடப்பட்டது. பழிவாங்குதல், நிலவுடைமைக் கால விசுவாசம் போன்றவை அதில் அடக்கம். ஆகவே வாள்வீச்சுப் படங்கள் எடுப்பது கடினமாயிற்று. குரோசவா 1945-இல் எடுத்த ஒரு சரித்திரப் படம் 1952-இல், ஆக்கிரமிப்பு முடியும் காலத்தில்தான் திரைக்கு வந்தது. தோஹோ என்ற பட நிறுவனத்தில் தொடர்ந்து நடந்த வேலைநிறுத்தங்களில் மூன்றாவதை 1948-இல் முடித்துவைக்க ஜப்பானியக் காவல்துறையோடு அமெரிக்க டாங்கிகளும் வந்தன என்ற செய்தியைக் கேட்டபோது கூடத்தில் பலர் வியந்தார்கள். இந்தப் பின்னணியில் குரோசவாவின் ‘ரஷோமான்’ (1950) திரையிடப்பட்டது.

‘ரஷோமா’னை இதுவரை, உண்மை பல முகம் கொண்டது என்ற தத்துவத்தின் எடுத்துக்காட்டாகவே நம்மவர்கள் பெரும்பாலும் பேசிவந்திருக்கிறார்கள். தொடரின் அணுகுமுறை வேறு. முதலில் ஒளிப்பதிவாளர் கஸுவோ மியாகாவா காட்டுக்குள் என்ன செய்தார் என்பதைப் பார்க்கச் சொன்னார்கள்: அடர்ந்த மரங்களுக்குள் வெளிச்சம் போதாமல் கண்ணாடிகளைக் கொண்டு வெயிலைத் திருப்பியதையும், கேமராவை நேராகச் சூரியனை நோக்கித் திருப்பியதையும், சிதைந்த வாயிலின் மேல் கொட்டும் மழை வானத்தின் வெண்மையில் தெரியாமல் போகும் என்பதால் நீரில் கறுப்பு மை கலந்ததையும் விவரித்தார்கள். பிறகு, எழுத்தாளர் அக்குதாகவாவின் இரண்டு சிறுகதைகள் எப்படி ஒன்றாகத் தைக்கப்பட்டன என்பது. அதன்பின்தான் தத்துவம். தயாரித்த தாயெய் நிறுவனத்தின் தலைவருக்கே இந்தப் படம் பிடிபடவில்லை. ஜப்பானில் வாழ்ந்த ஜூலியானா ஸ்த்ராமிஜோலி என்ற இத்தாலியப் பெண்ணின் பரிந்துரையால் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போய், 1951-இல் அதன் உயரிய பரிசான தங்கச் சிங்கம் பெற்றது. ஒரு நாட்டின் சினிமா உலகத்தின் கண்ணில் படுவதற்கு இப்படி ஒரு தனிமனிதரின் ரசனையும் பிடிவாதமும் தேவைப்பட்டிருக்கின்றன.

இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) தொடரிலேயே அதிகம் பேர் வந்த அமர்வு. ஒனோமிச்சி என்ற கடற்கரை ஊரிலிருந்து டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் முதிய தம்பதியர், அங்கே யாருக்கும் நேரமில்லாததால் அதாமி வெந்நீர்ச் சுனை விடுதிக்கு அனுப்பப்படுகிறார்கள். போரில் இறந்த மகனின் விதவை மனைவி நோரிகோ மட்டும் விடுப்பு எடுத்து அவர்களை ஊர் சுற்றிக்காட்டுகிறாள். சென்னைக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பெரிய வீட்டில் இருவராய் இருக்கும் பெற்றோர் நிறைந்த ஊர் இது. எனவே படம் யாரையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அறிமுக உரையில் அந்த உணர்ச்சியை முன்கூட்டியே தூண்டிவிடாமல், தரையில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் தாழ கேமராவை வைக்கும் ஓசுவின் முறையையும், முக்கியமான பயணங்களையும் நிகழ்வுகளையும் காட்டாமலே தாண்டிவிடும் கதைசொல்லலையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். அந்த அடக்கம் பாராட்டத்தக்கது. குரோசவாவும் மற்றொரு ஜப்பானிய இயக்குநரான மிசோகுச்சியும் வெனிஸில் பரிசு பெற்ற அந்த ஆண்டுகளில், ஓசுவின் படங்கள் மேலைநாடுகளுக்கு அதிகம் அனுப்பப்படவில்லை; வெளிநாட்டவருக்கு விளங்காத அளவுக்கு ஜப்பானியத்தனமானவை என்று அவருடைய நாட்டிலேயே எண்ணினார்கள். அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு அன்றைய கூடமே சான்று.

அமெரிக்கப் பகுதியைச் சுருக்கமாக முடித்தார்கள்; அது சரியே, ஏனெனில் ஹாலிவுட் படங்கள் ஏற்கெனவே பலருக்கும் தெரிந்தவை. படங்களைவிட இங்கே சட்டமும் அரசியலும் முதலிடம் பெற்றன. 1948 மே மாதம் அமெரிக்க உச்சநீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பின் விளைவாக, பெரிய ஸ்டூடியோக்கள் தங்கள் திரையரங்குகளைக் கைவிட வேண்டியதாயிற்று. தயாரிப்பு, விநியோகம், திரையரங்கு மூன்றும் ஒரே கையில் இருந்த அமைப்பு உடைந்ததும் அரங்குகள் தாமாகவே படம் தேடத் தொடங்கின; அயல்நாட்டுப் படங்களுக்கும் தனித் தயாரிப்பாளர்களுக்கும் வழி கிடைத்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் யார் கையில் எத்தனை அரங்கு என்ற விவாதம் நடக்கும்போது, அந்தத் தீர்ப்பை விரிவாகப் பேசியது காலத்துக்கு ஏற்றது. 1947-இல் தொடங்கிய கம்யூனிச எதிர்ப்பு விசாரணையில் பதில் சொல்ல மறுத்த திரைத்துறையினர் பத்துப் பேர் சிறை சென்றதும், அவர்களுள் ஒருவரான கதாசிரியர் டால்டன் ட்ரம்போ வேறொருவர் பெயரில் எழுதிய ‘ரோமன் ஹாலிடே’ (1953) கதைக்கான ஆஸ்கர் அந்த வேறொருவர் பெயருக்கே போனதும், 1960-இல்தான் அவருடைய பெயர் மீண்டும் திரையில் வந்ததும் சொல்லப்பட்டன. தொலைக்காட்சிக்கு எதிராக 1953-இல் வந்த சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறை பற்றிய பகுதி மட்டும் அவசரமாக ஓடியது.

பிரான்ஸ் பகுதியில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. 1946-இல் கையெழுத்தான ப்ளூம்–பிர்ன்ஸ் உடன்பாடு, போர்க்கடன் தீர்வோடு அமெரிக்கப் படங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. மூன்று மாதத்தில் நான்கு வாரம் மட்டுமே பிரெஞ்சுப் படங்களுக்கென ஒதுக்கப்பட்டது. திரைத்தொழிலாளர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பின் 1948-இல் அது ஐந்து வாரமானது. நுழைவுச்சீட்டின் மீது வரி விதித்து அந்தத் தொகையை உள்நாட்டுத் தயாரிப்புக்குத் திருப்பும் சட்டமும் வந்தது. இவ்வளவையும் அழகாக எடுத்துச் சொன்னவர்கள், ஐம்பதுகளின் இறுதியில் இளம் இயக்குநர்கள் தொடங்கிய ‘புதிய அலை’ இயக்கத்துக்கு வந்ததும் பழையபடி மேதைகளின் கதைக்குத் திரும்பிவிட்டார்கள். விமர்சகர் ஆந்த்ரே பஸான், ‘கய்யே து சினிமா’ என்ற திரைப்பட இதழ் (1951), அதில் பழைய பாணிப் பிரெஞ்சுப் படங்களைச் சாடிய த்ரூஃபோவின் 1954-ஆம் ஆண்டுக் கட்டுரை, கோதார்த்தின் ‘ப்ரெத்லெஸ்’ (1960) என்று வரிசை ஓடியது. ஸ்டில் கேமராவுக்கென விற்ற வேகமான பிலிமைத் துண்டுதுண்டாக ஒட்டி, கையில் பிடிக்கும் கேமராவில் போட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்து ரவுல் கூத்தார் ஒளிப்பதிவு செய்ததை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார்கள். இந்தத் தொடரின் முறைப்படி அதுவே மையமாக இருந்திருக்க வேண்டும். அத்துடன், ஆக்னஸ் வர்தா 1955-இலேயே, சேத் நகரின் மீனவக் குடியிருப்பில், சொற்பப் பணத்தில், கூட்டுறவு முறையில் எடுத்த ‘லா புவாந்த் கூர்த்’ பட்டியலிலேயே இல்லை. புதிய அலைக்கு முன்னோடி என்று போற்றப்படும் படம். ஒரு பெண்ணின் முதல் படம். ‘லா டெர்ரா ட்ரெமா’வுக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டிய படம். இதை விட்டது பெரிய இழப்பு.

கிழக்கு ஐரோப்பியப் பகுதி எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக அமைந்தது. ஸ்டாலினின் கடைசி ஆண்டுகளில் சோவியத் யூனியனில் படத் தயாரிப்பு வற்றிப்போய், 1951-இல் பத்துக்கும் குறைவான கதைப்படங்களே வெளிவந்தன என்ற செய்தியோடு தொடங்கி, 1953-இல் அவர் இறந்ததையும், 1956-இல் ஸ்டாலினைக் கண்டித்துக் குருஷ்சேவ் ஆற்றிய உரையையும் கடந்து, 1957-இல் வந்த கலாத்தோசோவின் ‘த க்ரேன்ஸ் ஆர் ஃப்ளையிங்’ படத்துக்கு வந்து சேர்ந்தார்கள். போருக்குப் போனவனுக்காகக் காத்திருக்க முடியாமல் தடுமாறும் ஒரு பெண்ணை இரக்கத்தோடு பார்க்கும் படம் சில ஆண்டுகளுக்கு முன் அந்த நாட்டில் எடுக்கப்பட்டிருக்க முடியாது. செர்கேய் உருசேவ்ஸ்கியின் கேமரா வெரோனிகாவோடு படிக்கட்டிலும் கூட்டத்திலும் ஓடும்போது, அடைபட்ட ஒன்று விடுபட்டதன் வேகம் தெரிகிறது. 1958-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் உயரிய பரிசான தங்க ஓலை இதற்குக் கிடைத்தது. போலந்தின் ஆந்த்ரே வாய்தா எடுத்த ‘ஆஷஸ் அண்ட் டைமண்ட்ஸ்’ (1958) அதற்கு அடுத்த வாரம். மதுக் கிண்ணங்களைக் கொளுத்தி, இறந்த தோழர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும் காட்சிக்குப் பின்னான கலந்துரையாடல் தொடரிலேயே ஆழமானது என்பேன்.

இனி என் முதன்மையான குறை. இந்தியாவுக்கு ஒரே ஓர் அமர்வு ஒதுக்கப்பட்டது. ‘பதேர் பாஞ்சாலி’ (1955) திரையிடப்பட்டது. படத்தைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் நன்றாகவே இருந்தன: 1950-இல் லண்டனில் சத்யஜித் ரே ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பார்த்தது, அதற்கு முன்பு வங்காளத்தில் படமெடுக்க வந்த பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரோடு அவருக்கு ஏற்பட்ட பழக்கம், சினிமா கேமராவையே அதுவரை இயக்கியிராத சுப்ரதா மித்ராவை ஒளிப்பதிவாளராக வைத்தது, பணமில்லாமல் நின்றுபோன படத்தை மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து முடிக்கவைத்தது, 1993-இல் லண்டனில் ஏற்பட்ட தீ விபத்தில் மூல நெகட்டிவ் சேதமடைந்து பின்னர் இத்தாலியின் பொலோனா நகரில் அது மீட்டெடுக்கப்பட்டது. ஆனால் இத்தாலியையும் ஜப்பானையும் இவ்வளவு பொறுமையாகத் துருவிப் பார்த்தவர்கள், அதே ஆண்டுகளில் சென்னையில் என்ன நடந்தது என்பதைக் கண்டுகொள்ளவே இல்லை.

1946-இல் முதல் கான் விழாவின் உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்ட படங்களில் ‘ரோம், ஓப்பன் சிட்டி’யோடு சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’ படமும் ஒன்று. 1948-இல் உதய் சங்கரின் ‘கல்பனா’ சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவானது. 1952-இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. இத்தாலியப் படங்களை நம்மவர்கள் பெரிய திரையில் பார்த்தார்கள். 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ வெளிவந்தது. பாட்டும் நடனமும் இல்லாமல், 1943-இல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த காலத்தை வைத்து, ஒரு கொலையைப் பலருடைய கூற்றுகளின் வழியே அணுகும் தமிழ்ப் படம் அது. ‘ரஷோமா’னுக்கு அடுத்த வாரம் இதைத் திரையிட்டிருந்தால் எவ்வளவு பேசியிருக்கலாம்! ‘ரஷோமா’னில் நடந்தது என்ன என்பது கடைசி வரை முடிவாவதில்லை, ‘அந்த நா’ளில் ஒவ்வொருவர் கூற்றும் ஒருவர் மீது சந்தேகத்தைத் திருப்பி, இறுதியில் புதிர் அவிழ்ந்துவிடுகிறது. ஒரே வடிவம் இரு தொழில் சூழல்களில், இரு வகைப் பார்வையாளர்களை நோக்கி எப்படி வேறுபடுகிறது என்பதைக் காட்ட இதைவிடச் சிறந்த இணை இல்லை. வெளியானபோது வணிக வெற்றி பெறாத அந்தப் படத்துக்குப் பிறகு தமிழில் பாட்டில்லாத படங்கள் ஏன் அருகிப்போயின என்ற கேள்வியும், பணம் எங்கிருந்து வருகிறது என்ற இவர்களுடைய சொந்தக் கேள்விதான். தமிழ்ப் படங்களை உலக வரலாற்றுக்கு வெளியே நிறுத்துவது, நடத்துபவர்கள் எண்ணியோ எண்ணாமலோ, நம் சினிமாவுக்குச் செய்யும் அநீதி.

சீனத்தின் ஃபெய் மூ, எகிப்தின் யூசுஃப் ஷாஹின், மெக்சிகோவில் இருந்து ‘லோஸ் ஒல்விதாதோஸ்’ (1950) எடுத்த புனுவெல் ஆகியோரும் இல்லை. வார எண்ணிக்கை குறைவு என்பதை ஏற்கலாம். ஆயினும் இத்தாலிக்குக் கொடுத்த வாரங்களில் ஒன்றைக் குறைத்து ஷாஹினின் ‘கெய்ரோ ஸ்டேஷன்’ (1958) படத்துக்குக் கொடுத்திருக்கலாம். ரயில் நிலையத்தில் செய்தித்தாள் விற்கும் ஒருவனைச் சுற்றி நகரும் அந்தப் படம், தொழிற்சங்கம், காமம், கொலை மூன்றையும் குறைந்த நேரத்தில் சேர்த்துச் சொல்வது.

திரையிடல் ஏற்பாடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். கூடம் காற்றோட்டமானது, நாற்காலிகள் மூன்று மணி நேரம் உட்காரத் தாங்கும். திரை போதுமான பெரிது. ஆனால் முதல் சில அமர்வுகளில், ஏறக்குறைய சதுரமாக அமைந்த பழைய சட்டகத்தைப் புரொஜெக்டர் அகலத்திரைக்கு இழுத்துக் காட்டியது. 1953-க்கு முன் வந்த படங்களில் பெரும்பாலானவை 1.37-க்கு 1 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இழுத்தால் மனிதர்கள் குள்ளமாகிறார்கள், இயக்குநர் அளந்து வைத்த இடைவெளிகள் எல்லாம் கெட்டுப்போகின்றன. பார்வையாளர்கள் சுட்டிக்காட்டிய பின் சரிசெய்துவிட்டார்கள். ஓசுவின் படம் அதற்குரிய வடிவத்திலேயே வந்தது. ஒலி மட்டும் கடைசி வரை திருப்தியாக இல்லை. பின்வரிசையில் உரையாற்றுபவரின் குரல் எதிரொலியோடு கேட்கிறது. கரண்டு போனால் இன்வெர்ட்டர் உடனே எடுத்துக்கொள்கிறது; படம் எங்கும் தடைபடவில்லை.

துணைவசனங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராதவர்களுக்கு இது உண்மையான தடை. இதை ஈடுகட்ட, குறிப்பேட்டில் காட்சிவாரியாகக் கதைச்சுருக்கம் கொடுத்திருக்கிறார்கள். படத்துக்கு முன் பத்து நிமிடம் அதைப் படித்துவிட்டால் ஓரளவு தொடர முடிகிறது. ‘டோக்கியோ ஸ்டோரி’க்கு மட்டும் முக்கியமான உரையாடல்களை முழுவதும் தமிழில் தந்திருந்தார்கள். ஜப்பானிய உறவுமுறை மரியாதைகளை அத்தை, மாமா, மதினி என்று நம் வழக்கிலேயே எழுதியிருந்த அந்தத் தமிழ் அருமையானது. எல்லாப் படங்களுக்கும் அப்படிச் செய்யப் பெரும் உழைப்பு வேண்டும் என்பது தெரியும்; தமிழ் இலக்கிய மாணவர்களைச் சேர்த்துக்கொண்டால் முடியாததன்று. குறிப்பேடுகள் நல்ல தாளில், எழுத்துப் பிழையின்றி அச்சிடப்பட்டிருக்கின்றன. எந்த ஆண்டு, எந்தச் சட்டம், எந்தக் கருவி என்பவை ஒரு பக்கத்தில் தனியாகத் தரப்பட்டிருப்பது, பாடம் நடத்தும் என் போன்றவர்களுக்குப் பெரிதும் பயன்படுகிறது.

கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், குறும்படம் எடுக்க நினைப்பவர்கள் ஆகியோருக்கு இந்தத் தொடர் மிகவும் பொருந்தும். குறிப்பாகக் குறும்படக்காரர்கள், பணமும் கருவியும் இல்லாத நிலையில் ரோசெல்லினியும் ரேயும் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை இங்கே நெருக்கமாகப் பார்க்கலாம். பொழுதுபோக்குக்காக வருகிறவர்களுக்கு அறிமுக உரைகள் கனமாக இருக்கக்கூடும். அவர்கள் ‘டோக்கியோ ஸ்டோரி’, ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ போன்ற தனி அமர்வுகளுக்கு மட்டும் அன்றன்றைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வரலாம், அதற்கும் இடமுண்டு. சிறுவர்களை ‘ரோம், ஓப்பன் சிட்டி’க்கு அழைத்து வராமல் இருப்பது நல்லது, சித்திரவதைக் காட்சிகள் கடுமையானவை.

அடுத்த சுற்றுக்கான பட்டியல் இன்னும் முடிவாகவில்லை என்று சொன்னார்கள். ‘அந்த நாள்’, ‘லா புவாந்த் கூர்த்’, ‘கெய்ரோ ஸ்டேஷன்’ மூன்றையும் சேர்க்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதிவு செய்கிறவர்களும் படிவத்தின் கடைசிப் பகுதியில் தங்கள் விருப்பத்தை எழுதலாம். அம்பாசமுத்திரம், வள்ளியூர், தென்காசிப் பக்கமிருந்து வருகிறவர்கள் சனிக்கிழமை மாலை அமர்வைவிட ஞாயிறு பகல் அமர்வைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டிலும் ஒரே படம்தான்; சனிக்கிழமைகளில் கலந்துரையாடல் நீண்டுவிடுவதால், பேருந்துக்காகப் பாதியில் எழுந்து போகவேண்டியிருக்கும்.